வசனம் பிள்ளைக்குத் தேனா, கஷாயமா?



ஞாயிறு பள்ளி ஆண்டு விழா நெருங்கினால் நம்முடைய வீடுகளில் ஒரு சத்தம் கேட்கும். "இன்னொரு தரம் சொல்லு! எத்தன தரம் சொல்லிக் கொடுக்கிறது? பக்கத்து வீட்டுப் பிள்ளை முழு சங்கீதமும் சொல்லுது, நீ ரெண்டு வசனத்துக்கு முழிக்கிற!" விழா நாளில் பிள்ளை மேடையேறி, கண்ணை இறுக மூடிக்கொண்டு, ஒரே மூச்சில் ஒப்பித்துவிடும். சபையார் ஸ்தோத்திரம் சொல்லிக் கைதட்டுவார்கள். ஒரு எவர்சில்வர் டிபன் பாக்ஸ் பரிசாகக் கிடைக்கும். இரண்டு மாதம் கழித்து அதே வசனத்தைக் கேட்டுப் பாருங்கள். டிபன் பாக்ஸ் இருக்கும், வசனம் இருக்காது.

இது பிள்ளையின் ஞாபக சக்தியைப் பற்றிய காரியம் மட்டுமா? இல்லை என்று நினைக்கிறேன். இதற்குள்ளே ஒரு நியாயமான கேள்வி இருக்கிறது. தேவனுடைய வார்த்தையைப் பிள்ளையின் இருதயத்தில் வைக்கும்படி நமக்குக் கட்டளை இருக்கிறது. ஆனால் அதை எந்த விதத்தில் வைத்தாலும் சரியா? பயமுறுத்தி வைக்கலாமா? கூலி கொடுத்து வைக்கலாமா? வைத்தால் போதும், எப்படி வைத்தோம் என்று தேவன் கேட்கமாட்டாரா?

விவரம் தெரியாத வயதில் தேவையா?

முதலாவது, சிலர் வேறொரு கேள்வி கேட்கிறார்கள். "பாஸ்டர், அஞ்சு வயசுப் பிள்ளைக்கு என்ன விவரம் தெரியும்? அது வளர்ந்து தானா யோசிச்சு ஏத்துக்கிடட்டுமே. இப்பவே மண்டைக்குள்ள திணிக்கிறது நியாயமா?" இதைக் கேட்கிறவர்கள் எல்லாரும் அவிசுவாசிகள் அல்ல. படித்த விசுவாசிகளும் கேட்கிறார்கள். இதைத் தள்ளிவிடாமல் யோசிக்க வேண்டும்.

ஒரு காரியம் பாருங்கள். யாருமே சொல்லிக்கொடுக்காமல் நம் பிள்ளைகளுக்கு எத்தனை விளம்பரப் பாட்டு மனப்பாடமாகத் தெரியும்? சோப்பு விளம்பரம் தெரியும், பிஸ்கட் விளம்பரம் தெரியும், செல்போனில் ஓடுகிற பாட்டு வரிவரியாகத் தெரியும். நாம் வசனத்தை வைக்காவிட்டால் பிள்ளையின் மனது வெறுமையாக, சுத்தமான சிலேட்டாகக் காத்துக்கொண்டிருக்கும் என்று நினைப்பது தவறு. யாராவது எழுதத்தான் போகிறார்கள். பெற்றோர் மௌனமாக இருந்தால், அடுத்தவனுக்கு இடம் விட்டுக்கொடுத்தார்கள் என்று அர்த்தம். தாய்மொழியைக்கூட நாம் பிள்ளையைக் கேட்டுக்கொண்டா கற்றுக்கொடுத்தோம்? அதைக் கொண்டு என்ன பேசுவது என்பதைத்தான் அது வளர்ந்து தீர்மானிக்கிறது. வசனமும் அப்படியே. விசுவாசத்தை நாம் பிள்ளைக்குள் திணிக்க முடியாது. அது ஆவியானவருடைய வேலை. நாம் கொடுப்பது விதை மாத்திரம்.

தீமோத்தேயுவைப் பாருங்கள். அப்போஸ்தலர் 16-ம் அதிகாரத்தின்படி அவருடைய தகப்பன் கிரேக்கன், தாய் விசுவாசியான யூத ஸ்திரீ. வீட்டில் இரண்டு வழி இருந்தது. ஆனாலும் சிறு வயதிலிருந்தே வேத எழுத்துக்களை அவர் அறிந்திருந்தார் என்று 2 தீமோத்தேயு 3:15-ல் வாசிக்கிறோம். அந்த வீட்டில் பாட்டி லோவிசாளும் தாய் ஐனிக்கேயாளும் இருந்தார்கள். 2 தீமோத்தேயு 1:5-ஐ கவனித்துப் படியுங்கள். பவுல் அவர்களிடத்தில் கண்டது வெறும் ஞாபக சக்தியை அல்ல, மாயமற்ற விசுவாசத்தை. அது பாட்டியிடமிருந்து தாய்க்கும், தாயிடமிருந்து மகனுக்கும் வந்தது.

அர்த்தம் புரியாமல் ஒப்பிப்பது கிளிப்பிள்ளைப் பாடம்தானே?

அடுத்த கேள்வி இது. புரிந்துகொள்ளாமல் ஒப்பித்தால் அது உதட்டளவு ஆராதனை ஆகாதா? ஏசாயா 29:13-ல் கர்த்தர் இதைக் குறித்துத்தானே வருத்தப்படுகிறார்?

உண்மைதான். இன்னும் பயங்கரமான ஒன்று சொல்கிறேன். மத்தேயு 4-ம் அதிகாரத்தில் சாத்தானே 91-ம் சங்கீதத்தை மனப்பாடமாகச் சொல்கிறான்! 11, 12-ம் வசனங்களைச் சொல்லிவிட்டு, சிங்கத்தையும் சர்ப்பத்தையும் மிதிப்பதைப் பற்றிய 13-ம் வசனத்துக்கு முன்னே நிறுத்திக்கொண்டான். ஆகவே வாயில் வசனம் இருப்பது மாத்திரமே பரிசுத்தம் ஆகிவிடாது. இதை மேடையில் பிள்ளை ஒப்பிக்கும்போது பெருமைப்படுகிற ஒவ்வொரு பெற்றோரும் நினைவில் வைக்க வேண்டும்.

ஆனால் அதே அதிகாரத்தில் நம் ஆண்டவர் என்ன செய்தார்? மூன்று சோதனைக்கும் மூன்று வசனம். மூன்றும் உபாகமத்திலிருந்து வந்தது: 8:3, 6:16, 6:13. அதில் இரண்டு வசனம் உபாகமம் 6-ம் அதிகாரம். எந்த அதிகாரம் அது? பிள்ளைகளுக்கு வசனத்தைப் போதியுங்கள் என்று பெற்றோருக்குக் கட்டளையிட்ட அதே அதிகாரம்! வனாந்தரத்தில் அவர் கையில் சுருளும் இல்லை, பக்கத்தில் போதகரும் இல்லை. நாற்பது நாள் பசி. உள்ளே இருந்தது வெளியே வந்தது.

புரிந்துகொள்ளுதல் பிறகு வருவது குற்றமல்ல. சீஷர்களே ஆண்டவர் சொன்னதைக் கேட்ட நாளில் புரிந்துகொள்ளவில்லை. அவர் உயிர்த்தெழுந்த பிறகுதான் நினைவுகூர்ந்து விசுவாசித்தார்கள் என்று யோவான் 2:22 சொல்கிறது. யோவான் 14:26-ல் ஆவியானவர் நினைப்பூட்டுவார் என்ற வாக்குத்தத்தம் நமக்கு உண்டு. பிரியமானவர்களே, நினைப்பூட்டுகிறார் என்றால், முன்னமே உள்ளே வைத்த ஒன்று இருக்கிறது என்றுதானே அர்த்தம்? பேங்க்கில் போடாமல் எடுக்கப் போனால் எப்படி?

அதற்காக அர்த்தம் சொல்லாமல் விட்டுவிடலாம் என்று சொல்லவில்லை. நம் வேதாகமத்தின் தமிழ் பழைய தமிழ். பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் பேசாத வார்த்தைகள் அதில் இருக்கின்றன. 23-ம் சங்கீதம் சொல்லிக்கொடுக்கிறீர்கள். டவுனில் வளருகிற பிள்ளை மேய்ப்பனை எங்கே பார்த்தது? அறுவடை முடிந்த வயலில் ஆட்டுக்கிடை போடுகிறவர்களை ஒரு நாள் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கள். ராத்திரி அந்த மனுஷன் ஆடுகளோடேயே வயலில் படுத்துக்கொள்கிறான் பாருங்கள். அதைப் பார்த்த பிள்ளைக்கு நீங்கள் அரை மணி நேரம் விளக்கம் சொல்லத் தேவையில்லை.

பிரம்பைக் காட்டலாமா?

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். ஊழியத்தில் ஒரு வாலிபனோடு ஜெபிக்கப் போயிருந்தேன். சபையை விட்டுப் போய் வருஷங்கள் ஆகியிருந்தது. ஒரு சங்கீதத்தை வாசிக்கலாமா என்று கேட்டேன். "வேண்டாம் பாஸ்டர். அந்த சங்கீதம் எனக்கு முழுசும் தெரியும். அதை யார் வாசிச்சாலும் எனக்கு எங்க அப்பாவோட பெல்ட்தான் ஞாபகம் வருது" என்றான். அந்தத் தகப்பன் கெட்டவர் அல்ல. பிள்ளை வசனத்தில் வளர வேண்டும் என்று ஆசைப்பட்டவர்தான். வசனமும் உள்ளே போயிற்று, பெல்ட்டும் கூடவே போயிற்று.

இதற்கு நேர்மாறாக ஒரு வயதான தாயாரையும் கண்டிருக்கிறேன். கடைசி நாட்களில் பெற்ற மகனையே யாரென்று அவர்களுக்குத் தெரியவில்லை. 121-ம் சங்கீதத்தை நாங்கள் ஆரம்பித்தவுடனே அந்தத் தாயார் கூடச் சேர்ந்து சொல்லி முடித்தார்கள். சொல்லும்போது விரல்கள் எதையோ பின்னுவதுபோல அசைந்தது. மகனிடம் கேட்டேன். "அம்மாவோட அம்மா ஓலைப்பெட்டி முடையும்போது பக்கத்துல உக்கார வச்சு இதைச் சொல்லிக்கொடுத்தாங்களாம்" என்றார். அந்தப் பாட்டிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. சபையில் காதால் கேட்டுப் படித்ததை, வேலை செய்துகொண்டே மகளுக்குக் கொடுத்திருக்கிறார்கள். எல்லாம் மறந்துபோன பிறகும் அது மறக்கவில்லை.

இரண்டு பேரும் படித்தது தேவனுடைய வசனம்தான். வசனத்தில் வித்தியாசம் இல்லை. வசனம் பிள்ளைக்குள் தனியாகப் போவதில்லை என்பதே இதில் நான் கண்ட பாடம். கொடுத்தவருடைய முகத்தையும் குரலையும் கையையும் கூட்டிக்கொண்டு போகிறது. பிற்காலத்தில் ஆவியானவர் அந்த வசனத்தை நினைப்பூட்டும்போது, கூடவே எந்த முகம் எழும்பி வரும்? இந்தக் கேள்விக்கு ஒவ்வொரு தகப்பனும் தாயும் தேவனுக்கு முன்பாகப் பதில் சொல்ல வேண்டும்.

சில வீடுகளில் பொய் சொன்னால் தண்டனை என்ன தெரியுமா? வசனத்தை நூறு தரம் எழுத வேண்டும். தயவு செய்து இதைச் செய்யாதிருங்கள். கண்டிக்க வேண்டியதைக் கண்டியுங்கள், அது வேறு. ஆனால் ஜீவனுள்ள வார்த்தையைப் பிரம்புக்குப் பதிலாக உபயோகிக்காதிருங்கள். எந்த நோய்க்கும் குடிக்க வைத்த கஷாயத்தின் வாசனை நாற்பது வயதானாலும் குமட்டும்.

இன்னொரு காரியம். எபேசியர் 6:1 எல்லாப் பிள்ளைகளுக்கும் மனப்பாடம். பெற்றோர் சொல் கேட்க வேண்டும் என்கிற வசனம் அல்லவா, அதை முதலாவதாகச் சொல்லிக்கொடுத்துவிடுகிறோம்! அதே அதிகாரம் 4-ம் வசனம் எத்தனை தகப்பன்மாருக்கு மனப்பாடம்? பிள்ளைகளைக் கோபப்படுத்த வேண்டாம் என்று அது நமக்குச் சொல்லுகிறது. கொலோசெயர் 3:21 அதற்குக் காரணமும் சொல்லுகிறது: பிள்ளைகள் மனம் சோர்ந்துபோய்விடக் கூடாது.

பரிசு கொடுக்கலாமா?

"சரி பாஸ்டர், அடிக்கல. ஒரு வசனத்துக்கு ஒரு சாக்லேட் கொடுத்தா என்ன?" என்று கேட்பீர்கள். அடியைவிடச் சாக்லேட் நல்லதுதான். ஆனாலும் இதிலும் ஒரு கண்ணி இருக்கிறது.

அமெரிக்காவில் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தின் மழலையர் பள்ளியில் நடந்த ஒரு சோதனையின் முடிவு 1973-ல் வெளியானது. படம் வரைவதில் ஏற்கெனவே ஆசையுள்ள சின்னப் பிள்ளைகளை எடுத்துக்கொண்டார்கள். சிலரிடம், "வரைந்தால் நட்சத்திரமும் ரிப்பனும் வைத்த சான்றிதழ் கிடைக்கும்" என்று முன்கூட்டியே சொன்னார்கள். சிலருக்கு ஒன்றும் சொல்லாமல், வரைந்து முடித்த பிறகு அதே சான்றிதழைக் கொடுத்தார்கள். சிலருக்கு ஒன்றுமே கொடுக்கவில்லை. ஒன்றிரண்டு வாரம் கழித்து, பிள்ளைகள் தாங்களாகவே எவ்வளவு நேரம் வரைகிறார்கள் என்று கவனித்தார்கள். முன்னாலேயே பேரம் பேசப்பட்ட பிள்ளைகள் மற்றவர்களில் ஏறக்குறைய பாதி நேரம்தான் வரைந்தார்கள். எதிர்பாராமல் பரிசு பெற்ற பிள்ளைகளுடைய ஆசை குறையவில்லை.

இது படம் வரைவதைப் பற்றிய சோதனை. ஆனாலும் வசனத்துக்கும் இது பொருந்தும் என்றே நான் எண்ணுகிறேன். "இதைச் செய்தால் இது" என்று பேரம் பேசும்போது, நாம் சொல்லாமலே ஒன்றைச் சொல்லிவிடுகிறோம்: "இந்த வசனம் கசப்பானது, சும்மா யாரும் படிக்கமாட்டார்கள், அதனால்தான் உனக்குக் கூலி தருகிறேன்." தேனுக்கு யாராவது சர்க்கரை போடுவார்களா? ஆனால் பிள்ளை சந்தோஷமாய்ச் சொல்லி முடித்த பிறகு, கூலியாக அல்லாமல், மனம் மகிழ்ந்து ஒரு முத்தம் கொடுங்கள், ஒரு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுங்கள். அது பேரம் அல்ல, விருந்து. கெட்ட குமாரன் கதையில் தகப்பன் மோதிரம் போட்டதும் கூலியாக அல்லவே!

மத்திய காலத்தில் ஜெர்மனி, பிரான்சு தேசங்களில் இருந்த யூதருக்குள் ஒரு வழக்கம் இருந்தது. பிள்ளையை முதல் நாள் ஆசிரியரிடம் கொண்டுபோகும்போது, எழுத்துக்கள் எழுதிய பலகையில் தேனைத் தடவி, பிள்ளையை நக்கச் செய்வார்கள். படித்து முடித்த பிறகு கொடுக்கும் கூலி அல்ல அது. எழுத்தின் மேலேயே தேன். எசேக்கியேல் தீர்க்கதரிசி சுருளைப் புசித்தபோது அது தேனாய் இனித்தது என்று 3:3-ல் வாசிக்கிறோம். இனிப்பு வசனத்துக்கு வெளியே இல்லை, உள்ளேயே இருக்கிறது. அதைப் பிள்ளை ருசிக்கும்படி செய்வதுதான் நம்முடைய வேலை.

போட்டிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. முதல் பரிசு வாங்குகிற பிள்ளை ஒன்று. வெறுங்கையோடு இறங்குகிற பிள்ளைகள் இருபது. திக்குவாய் உள்ள பிள்ளை, சீக்கிரத்தில் மனதில் பதியாத பிள்ளை, மேடையைக் கண்டாலே அழுகிற பிள்ளை எல்லாம் அதில் உண்டு. மோசேயும் தன் வாய் திக்குகிறது என்றுதானே யாத்திராகமம் 4:10-ல் முறையிட்டார்! வீட்டுக்கு வருகிற விருந்தாளிக்கு முன்பாக நிறுத்தி, "அங்கிளுக்குச் சொல்லிக் காட்டு" என்று கட்டாயப்படுத்துவதையும் விட்டுவிடுங்கள். வசனம் ஷோகேஸில் வைக்கிற பொம்மை அல்ல.

அப்படியானால் வீட்டில் எப்படிச் செய்வது?

1. முதலில் நீங்கள் படியுங்கள். உபாகமம் 6-ல் வரிசையைப் பாருங்கள். 6-ம் வசனத்தில் வார்த்தை பெற்றோரின் இருதயத்தில் இருக்க வேண்டும். 7-ம் வசனத்தில்தான் பிள்ளைக்குப் போதிப்பது வருகிறது. இந்த வாரம் ஒரு வசனம் குடும்பமாகப் படியுங்கள். அப்பா தப்பாகச் சொன்னால் பிள்ளை திருத்தட்டும். அந்தச் சந்தோஷத்துக்கு ஈடு கிடையாது!

2. நான்கு வேளையை உபயோகியுங்கள். அதே 7-ம் வசனம் வீட்டில் இருக்கும்போது, வழியில் நடக்கும்போது, படுக்கும்போது, எழுந்திருக்கும்போது என்று நான்கைக் குறிப்பிடுகிறது. சாப்பிட உட்காரும்போது ஒரு தரம், பள்ளிக்கூடம் போகும் வழியில் ஒரு தரம், பாயில் படுத்துக்கொண்டு ஒரு தரம், காலையில் தலை சீவும்போது ஒரு தரம். தனியாக ஒரு மணி நேரம் உட்கார வைக்கத் தேவையே இல்லை.

3. ராகம், தாளம், விளையாட்டு. 119-ம் சங்கீதத்தில் ஆலெப், பேத் என்று தலைப்பு இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அவை எபிரெய எழுத்துக்கள். 22 எழுத்துக்கு எட்டு எட்டு வசனமாக 176 வசனம். ஒவ்வொரு பகுதியிலும் எட்டு வசனமும் அதே எழுத்தில் ஆரம்பிக்கும். நம் ஊரில் ஔவையாரின் ஆத்திசூடியைப் பிள்ளைகள் அகர வரிசையில் படிக்கிறார்கள் அல்லவா, அதுபோல மனதில் நிற்க இது உதவும். ஆகவே நீங்களும் கூச்சப்படாமல் ராகம் போடுங்கள், கை தட்டுங்கள். வார்த்தைகளைத் துண்டுச் சீட்டில் எழுதிக் கலைத்துப் போட்டு அடுக்கச் சொல்லுங்கள். பாண்டிக் கட்டத்தில் கட்டத்துக்கு ஒரு வார்த்தை எழுதித் தாண்டச் சொல்லுங்கள். ஆளுக்கு ஒரு வார்த்தையாகப் பந்தைத் தூக்கிப் போட்டுச் சொல்லுங்கள்.

4. இடைவெளி விட்டுத் திரும்பச் சொல்லுங்கள். 1885-ல் ஜெர்மானியரான எபிங்ஹாஸ் என்பவர் மறதியைக் குறித்துத் தம்மிடத்திலேயே சோதித்து எழுதினார். படித்ததில் பெரும்பகுதியை ஆரம்பத்திலேயே வேகமாக மறந்துவிடுகிறோம். ஒரே நாளில் பல தரம் படிப்பதைவிடப் பல நாளில் பிரித்துப் படிப்பது நிலைக்கிறது. ஆகவே விழாவுக்கு முந்தின ராத்திரி ஐம்பது தரம் வேண்டாம். மறுநாள், மூன்றாம் நாள், அடுத்த வாரம், அடுத்த மாதம் என்று ஒரு ஒரு தரம் போதும்.

5. வாழ்க்கையோடு சேருங்கள். கரண்ட் போய்ப் பிள்ளை பயந்து உங்களைக் கட்டிக்கொள்ளும்போது, சங்கீதம் 56:3-ஐ நீங்களே மெதுவாகச் சொல்லுங்கள். "சொல்லு பார்ப்போம்" என்று கேட்காதீர்கள். புது வருஷ ஆராதனையில் எடுத்த வாக்குத்தத்த அட்டையைச் சுவரில் ஒட்டி, வருஷம் முழுவதும் அதைக் குறித்துப் பேசுங்கள். வசனம் பரீட்சைக்கு அல்ல, பயத்துக்கும் துக்கத்துக்கும் சந்தோஷத்துக்கும் உரியது என்று பிள்ளை அப்போது கற்றுக்கொள்ளும்.

பிரியமானவர்களே, உங்கள் பிள்ளைக்கு எத்தனை வசனம் தெரியும் என்று நான் கேட்கவில்லை. வசனத்தைச் சொல்லும்போது உங்கள் முகம் எப்படி இருக்கிறது என்று கேட்கிறேன். வீட்டில் அப்பா வேதத்தைத் திறந்தால் பிள்ளை அருகில் ஓடி வருகிறதா, மெல்ல நழுவுகிறதா? நமக்கே வசனத்தில் ருசி இல்லையென்றால், பிள்ளைக்கு அந்த ருசியை எந்தக் கடையில் வாங்கிக் கொடுக்க முடியும்? எழுப்புதல் என்று கூட்டம் போட்டு ஜெபிக்கிறோம். அந்த எழுப்புதல் இன்று ராத்திரி நம் வீட்டுப் பாயில், ஒரு சின்ன வசனத்தோடு ஆரம்பமாகட்டும்.

ஜெபம்: அன்பின் பரம தகப்பனே, உம்முடைய வார்த்தைக்காக ஸ்தோத்திரம். எங்கள் பிள்ளைகளுக்கு முன்பாக எங்களுடைய இருதயத்தில் அதை எழுதும். எங்கள் கோபம் அதற்குக் கசப்பைச் சேர்க்காதபடி எங்களைக் காத்துக்கொள்ளும். வசனத்தின் பேரில் காயப்பட்டுப் போன பிள்ளைகளை நீரே தொட்டுச் சுகமாக்கும். எங்கள் வீடுகளில் உம்முடைய வசனம் தித்திக்கச் செய்யும். இயேசுவின் நாமத்தில் ஜெபிக்கிறோம் பிதாவே. ஆமென்.

கர்த்தர் தாமே உங்களையும் உங்கள் பிள்ளைகளையும் ஆசீர்வதிப்பாராக. அல்லேலூயா!